கவிச்சி படாமல் கட்டிய பழம்

போன வாரம் ஷகிலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்தவள் அவள்.

"அக்கா, புது மிஷின் வந்துடுச்சு. பழத்தை அதுக்குள்ள வச்சா போதும், வெட்டவே வேணாம். வெளிச்சத்தைப் பாய்ச்சி, உள்ள பழுப்பு இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடுது!"

"அப்ப என் கத்தியை என்ன பண்ணப் போறீங்க?"

"யாருக்காச்சும் பொறந்த நாள் வந்தா கேக் வெட்டுறோம்க்கா."

குசும்பு பிடித்தவள். கூடவே எனக்கு ஒரு வேலையும் வைத்துவிட்டாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் படிப்பதற்கு நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். எனக்குப் பேச வரும், எழுத வராது என்றேன். "பேசுற மாதிரியே எழுதுங்க, நாங்க கேக்குற மாதிரியே படிச்சுக்குறோம்" என்றாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்ன செய்ய முடியும்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்குகிற நேரத்தில்தான் எழுத உட்காருகிறேன். நடுநடுவே கண் சொருகும். கதை எங்கேயாவது மிதந்து போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் பிலோமின். காரைக்காலில் பழ ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். பறித்த பழம் ஏன் வீணாகிறது, வீணாகாமல் வைக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வாசலில் இருந்த நீளமான பெயர்ப்பலகை ஊரில் யார் வாயிலும் நுழையாது. ஆட்டோக்காரரிடம் "மாம்பழ ஆபீஸ்" என்றால்தான் கொண்டுவந்து இறக்குவார். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே இன்று என்ன பழம் வெட்டினேன் என்று என் வீட்டுக்காரர் ராயப்பன் சொல்லிவிடுவார். கொய்யா, சப்போட்டா, அன்னாசி, மா. எந்த சோப்புக்கும் அந்த வாசனை அடங்கியதில்லை.

இப்போதும் கனவில் பழம் வெட்டுகிறேன். கத்தி இறங்கும். இரண்டு பாதியும் மெதுவாக விலகும். உள்ளே ஒரு சின்ன அறை, அதில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பேன். விழித்ததும் ராயப்பனிடம் சொன்னால், "அதுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டினேன், கழுவினேன், துடைத்தேன், விரலையும் வெட்டிக்கொண்டேன். சந்தானம் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்த பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று எனக்கே புரிய ஆரம்பித்தது.

ஒல்லியான மனிதர். அவர் ஸ்கூட்டர் ஓட்டுகிற வேகத்துக்கு நாய்கூடத் துரத்தாது. பேச்சும் அப்படித்தான், நிதானம். அதிலும் பாதிக்கு மேல் கேள்வியாகவே இருக்கும். பழத்தைக் கையில் எடுத்துவிட்டால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். மோவாய்க்குக் கீழே அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை பார்த்தபோது, சார் தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் இருமினேன்.

"முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன் பிலோமின்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

பழம் கெட்டுப்போச்சு என்று நாங்கள் சொல்வது அவருக்கு ஆகாது. "கெட்டுப்போச்சுன்னா என்னமோ அது வேணும்னு பண்ணுன மாதிரி இருக்கு. அதுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. மரத்தை விட்டு வந்தாலும் அது மூச்சு விட்டுக்கிட்டுதானே இருக்கு?" என்பார். எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. ஆனால் மத்தியான நேரத்தில் குளிர்அறையில் தனியாக நின்றிருக்கிறீர்களா? மோட்டாரின் ரீங்காரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். கூடை கூடையாகப் பழம் இருட்டில் படுத்திருக்கும். கொஞ்ச நேரம் போனால் அத்தனையும் சேர்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். நான் பல நாள் வந்த வேலையை மறந்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறேன்.

சார் பழம் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். கத்தியைச் சுடுநீரில் முக்கி, துணியால் துடைப்பார். ஒவ்வொரு பழத்துக்கும் இதேதான், அவசரமென்றாலும் விட மாட்டார். மாம்பழமாக இருந்தால், கொட்டையின் தட்டைப் பக்கம் எதுவென்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதை ஒட்டியபடி காம்பிலிருந்து மூக்கு வரை ஒரே இழுப்பு. ரம்பம் போல இழுத்து இழுத்து அறுத்தால் திட்டு விழும். வெட்டிய கதுப்புகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் மல்லாத்தி, வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வைத்ததும் பார்த்துவிட வேண்டும். வெளிக்காற்றுப் பட்டு ஏறுகிற கருப்பு வேறு, உள்ளேயே இருந்த பழுப்பு வேறு. தாமதித்தால் இரண்டும் கலந்து நம்மை ஏமாற்றும். அப்புறம்தான் நிற அட்டை, அழுத்திப் பார்ப்பது, ஒரு சொட்டுச் சாறு எடுத்து இனிப்பு அளப்பது எல்லாம்.

பழுப்பு எப்படி வருகிறது என்பதை அவர் என் சமையலறையை வைத்துத்தான் சொன்னார்.

"வாழைத்தண்டை நறுக்குனதும் எதுக்கு மோர்த் தண்ணியில போடுறீங்க?"

"போடலைன்னா கருத்துடும் சார்."

"நறுக்குறதுக்கு முன்னாடி ஏன் கருக்கல?"

பதிலையும் சாரே சொன்னார். கருக்க வைக்கிற சரக்கு ஒன்று, கருக்கப்போகிற சரக்கு இன்னொன்று. இரண்டும் உள்ளே தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர் உடைந்து, இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்துகொள்ள, கருக்கிறது. கத்தி படாமலும் சுவர் உடையும். தாங்காத குளிரில் வைத்தால் உடையும். வெயிலில் காய்ந்த தரையில் குவித்தால் உடையும். மூச்சு விட வழியில்லாமல் அடைத்து வைத்தாலும் உடையும். தோலுக்கு எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு மினுமினு என்று இருக்கும்.

இதை நான் கண்ணால் கண்டது பஸ் ஸ்டாண்டு பழக்கடைச் சரக்கில். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் அன்னாசிப்பழங்களை அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து மேசையில் போட்டார். வெளியே பார்த்தால் பொன். வெட்டினால் நடுத்தண்டைச் சுற்றித் தண்ணீர் கோத்த மாதிரிப் பழுப்பு. "அல்லா மேல ஆணையா சொல்றேன், எவனோ ஊசி போட்டிருக்கான் சார். நம்ம யாவாரத்தைக் கெடுக்கணும்னே பண்ணிருக்கான்" என்று குதித்தார். சார் அவரை உட்கார வைத்து, டீ வாங்கித் தரச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழம் எந்த வண்டியில வந்துச்சு பாய்?"

வழக்கமாக வருகிற லாரி வரவில்லையாம். ஆப்பிள் ஏற்றி வந்த குளிர் வண்டியில் மூலையில் கொஞ்சம் இடம் இருந்ததாம், அதில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆப்பிளுக்கு அந்தக் குளிர் சொந்த வீடு. அன்னாசிக்கு அப்படியா? உள்ளே விறைத்துப்போய், நம் ஊர் வெக்கையில் இறங்கியதும் பழுப்பேறிவிட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "குளுருல வச்சா எல்லாம் நல்லா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார். பாதி ஊர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்கப்புறம் நான் விவசாயிகளிடம் பாடிப் பாடித் தேய்ந்த பாட்டு ஒன்று உண்டு. வெயில் ஏறுமுன் காம்போடு பறியுங்கள். தலைகீழாக வைத்துப் பால் வடிய விடுங்கள். வெறுந்தரையில் போடாமல் நிழலில் வைக்கோல் மேல் வையுங்கள். காற்றுப் போகிற கூடையில் அடுக்குங்கள். மாம்பழத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரிக்குக் கீழே குளிரே வேண்டாம். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே ராயப்பன் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது காமாட்சி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆனி மாதப் பௌர்ணமியில் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே கூட்டம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை இல்லாத பெண்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அந்த ஒரு நாள் மாம்பழத்துக்காக நானும் வீதியில் நிற்பேன். ஊரே நிற்கும்.

சுரக்குடியில் நெல் விவசாயம் செய்கிற முருகையன், திருவிழாவுக்கு வெகு நாள் முன்பே ஒரு தடவை ஆய்வகத்துக்கு வந்தார். வீட்டுக் கொல்லையில் ஒற்றை மாமரம், முதல்முதலாக இப்போதுதான் நன்றாகக் காய்த்திருக்கிறது, ஆனால் காய் முந்திக்கொண்டது, பௌர்ணமி வரை வைத்திருக்க வேண்டும் என்றார். நான் என் பாட்டைப் பாடினேன். ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். கோட்டுச்சேரியில் தெரிந்த காய்கறி மொத்த வியாபாரியின் குளிர்அறையில் இடம் கேட்டிருப்பதாகவும், தக்காளிக்கு வைக்கிற குளிர்தான் அங்கே இருக்கிறது என்றும் சொன்னார். அது மாம்பழத்துக்கும் சரிதான். எனக்கு அன்று முழுக்க சந்தோஷம், ஒரு ஆளாவது காது கொடுத்துக் கேட்டாரே என்று.

திருவிழாவுக்கு முந்தைய நாள் காலையில் அதே முருகையன் மனைவியோடு வந்து நின்றார். அவள்தான் காமாட்சி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. திறந்து காட்டினாள். குளிர்அறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பழுக்க வைத்த பழங்களில் ஒன்றை, முதல் பழமென்று சாமிக்குப் படைத்துவிட்டு நறுக்கியிருக்கிறாள். தோல் அப்படி ஒரு மஞ்சள். உள்ளே கொட்டையைச் சுற்றிலும் டீத்தூள் சக்கை நிறம்.

"மரத்துல ஏதாச்சும் நோயா இருக்குமாங்க?" என்றார் முருகையன்.

"மரம் இல்லக்கா" என்றாள் அவள். "எம் மேலதான் ஏதோ குத்தம்."

நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகுதான் சொன்னாள். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லாமல், வாங்காத பேச்சில்லை. ஒரு திருவிழாவில் அவளுக்கும் ஒரு பழம் கிடைத்தது. சாப்பிட்டாள். அடுத்த வருஷம் பெண் பிறந்தாள், கனி என்று பெயர் வைத்தார்கள். சாப்பிட்ட பழத்தின் கொட்டையைக் கொல்லையில் புதைத்திருந்தாள். அது முளைத்து மரமானால், முதல் காய்ப்பைச் சாமி வரும் வீதியில் இறைப்பதாக வேண்டுதல். மகளும் மரமும் ஒன்றாக வளர்ந்தார்கள். கடைப் பழம் எதையும் அதற்குப் பதிலாகப் போட முடியாது.

"முந்தாநாள்லேருந்து புள்ளைக்குக் காய்ச்சல். இன்னிக்குப் பழத்தை அறுத்தா உள்ள இப்புடி. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு, உள்ள கருத்துப்போச்சு. எம் புள்ளைக்கும் உள்ள ஏதாச்சும் இருக்குமோன்னு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அத்தனை வருஷத்தில் எத்தனையோ பழுப்புப் பழத்தைத் தட்டில் வைத்திருக்கிறேன். யாரும் அதற்குள் தன் பிள்ளையைப் பார்த்ததில்லை.

சந்தானம் சார் அந்தப் பாதிப் பழத்தைக் கையில் எடுத்தார். காம்புப் பக்கத்தை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன வாசனை வருது பிலோமின்?"

"புளிச்ச கள்ளு மாதிரி வருது சார்."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"சார்!" என்றேன். அந்த நிலையிலும் முருகையன் சிரித்துவிட்டார். காமாட்சி சிரிக்கவில்லை.

"வைக்கிற எடத்தைப் பாத்துடலாமா?" என்றார் சார்.

நாங்கள் மூவரும் ஆட்டோவில், சார் அவருடைய ஸ்கூட்டரில். நாங்கள் கோட்டுச்சேரி போய் இறங்கி, டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைத்த பிறகு சார் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் கடைக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்திருந்தேன். நைட்டில் குளிரைக் கூட்டி வைக்கிறீர்கள், ஐஸாக்கிவிட்டீர்கள், ஊரான் பழம்தானே என்று அலட்சியம் என்று என்னென்னவோ. அந்த மனிதர், "எம் பசங்க மேல சத்தியமாங்க, தக்காளி இருக்குறப்ப நான் எப்புடிங்க குளுரைக் கூட்டுவேன்?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சார் வெப்பமானியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். பார்த்தால் குளிர் மிகச் சரியாக இருந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் போல அவர் கடை வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் மறுபடி உள்ளே போனார். நாங்களும் போனோம். கதவு மூடியதும் வெளியுலகம் அணைந்துவிட்டது. மோட்டார் தாலாட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மூச்சு எங்கள் காதிலேயே கேட்டது. தக்காளிக் கூடைகள், முள்ளங்கி, சுரைக்காய், எல்லாம் அரையிருட்டில் அசையாமல் இருந்தன. சார் நடுவில் கண்ணை மூடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு அங்கேயே படுத்துவிடலாம் போல இருந்தது.

"இது என்ன வாடை?" என்றார் சார்.

கடைக்காரர் நெளிந்தார். மூலையில் முட்டை அட்டைகள். அதற்குப் பக்கத்தில், மச்சான் வைக்கச் சொன்னானாம், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன்.

சார் காமாட்சியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க பழம் எதுக்குள்ள படுத்திருந்துச்சு?"

அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. தான் செய்த நல்ல காரியத்தைச் சொல்ல வாய்த்தது என்பது போல. "அதெல்லாம் சுத்தமா வச்சேங்கய்யா. இவங்க மீனு இருக்குன்னு சொன்னாங்க. சாமிக்கு இறைக்கிற பழமாச்சே, கவிச்சி பட்டுடக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம தலை முழுகிட்டு, பிளாஸ்டிக் கவருல போட்டு, அதுக்கு மேல இன்னொரு கவரு, அதுக்கு மேல இன்னொண்ணு போட்டு, வாயை மஞ்ச நூலால இறுக்கிக் கட்டினேன். எறும்பு போற சந்துகூட கெடையாதுங்க."

நான் அங்கேயே ஒரு சுரைக்காய் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறாள். பக்தியில் செய்த ஒரே காரியம் பழத்தின் கழுத்தை நெரித்துவிட்டது. அது விட்ட மூச்சு அதையே சுற்றிக் கட்டிக்கொண்டு, உள்ளே புளித்து, சுவர் உடைந்து பழுப்பேறியிருக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சார்தான் சொன்னார். சுற்றி வளைக்காமல், கடைக்காரரிடமிருந்து ஒரு கவரை வாங்கித் தன் கைமேல் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே வேர்த்து முத்து முத்தாக நீர் கட்டியது. "பழமும் இப்படித்தாம்மா மூச்சு விடும்" என்றார். அவள் அந்த நீர்த்துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானேதான் கெடுத்துட்டேனா?"

"எல்லாப் பழத்தையும் கவருலயா கட்டுனீங்க?" என்று கேட்டார் சார்.

"கவரு தீந்துபோச்சுங்க. கொஞ்சத்தை அவுக வேட்டித் துணியில மஞ்சத் தண்ணி தெளிச்சுக் கட்டுனேன். ஆனா துணிக்குள்ள கவிச்சி போயிருக்கும்ல? அதனால அதை வேண்டுதலுக்கு வேணாம்னு தனியா ஒதுக்கி வச்சுட்டேன்."

சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் எழுந்து ஆட்டோவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன்.

சுரக்குடியில் அவர்கள் வீடு வாய்க்கால் ஓரம். பக்கத்து வீட்டம்மா காவலிருக்க, கூடத்தில் கனி பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு கூடை. சாமி படத்துக்கு முன்னால் பூச்சூட்டிய பெரிய கூடையில் கவரில் கட்டிய பழங்கள். அடுப்படி மூலையில், அரிசி மூட்டைக்குப் பின்னால், சின்னக் கூடையில் வேட்டித் துணிப் பழங்கள். சாமிக்குப் படைத்த அந்த முதல் பழத்தைத் தவிர, வேண்டுதல் பழத்தில் கத்தி படக் கூடாது என்பது அவளுக்குக் கட்டாயம். ஒதுக்கிய பழத்தை வெட்டத் தடையில்லை. சார் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். காமாட்சி சுடுநீர் கொண்டுவந்தாள். ஒரு பழத்தை எடுத்து, கொட்டையை ஒட்டி ஒரே இழுப்பு.

மஞ்சள். விளிம்பிலிருந்து கொட்டை வரை ஒரே மஞ்சள். வாசனை கூடமெங்கும் ஏறி, தூங்குகிற பிள்ளை மூக்கைச் சுளித்துப் புரண்டு படுத்தது.

சார் கனி பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க. பழத்துக்கு மூச்சு முட்டிப்போச்சு, அவ்வளவுதான். அவ நல்லா மூச்சு விடுறா, பாருங்க" என்றார். அத்தனை வருஷத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பிரச்சினை முடிந்துவிட்டதா? இல்லை. காமாட்சி சின்னக் கூடையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள நல்லா இருக்குக்கா. ஆனா மீனுக்குப் பக்கத்துல வெறும் துணியோட இருந்துச்சே. இதைப் போய் சாமிக்கு இறைக்கலாமா? நீங்க சொல்லுங்க."

"என்னைப் போயா கேக்குறீங்க? காலையில நெத்திலிக் கொழம்பு ஊத்தித் தின்னுட்டு வந்தவ நான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். பெரிய கூடையில் கவிச்சி படாத பழுப்புப் பழம். சின்னக் கூடையில் கவிச்சி பட்ட நல்ல பழம். விடிந்தால் திருவிழா. எனக்குக் கோயில் முறையும் தெரியாது, சாத்திரமும் தெரியாது. சும்மா மனதில் வந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு உங்களுக்குக் கெடச்ச பழம் எப்புடி வந்துச்சு? நேரா கையில வந்து விழுந்துச்சா?"

"இல்லக்கா. கையில பட்டு நழுவிடுச்சு. கீழ விழுந்து சனங்க காலுக்குள்ள உருண்டுச்சு. யாரோ செருப்புக் காலால மிதிக்கப் போயி, ஓரம் நசுங்கிடுச்சு. நான் பாஞ்சு எடுத்தேன்."

"எடுத்து?"

"முந்தானையில தொடச்சுட்டு அங்கனயே..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

சாமி படத்துக்கு முன்னாலிருந்த பெரிய கூடையின் பூவை எடுத்தாள். சின்னக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்து, பூவை அதற்குச் சூட்டினாள். "இது போதுமாக்கா? கொஞ்சம்தான் இருக்கு" என்றாள். "தாராளமா போதும்டி" என்றேன். அதுவரை அவளை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தேன்.

மறுநாள் வீதியில் கால் வைக்க இடமில்லை. முருகையனின் சொந்தக்காரர் வீட்டு மாடி எது என்று கேட்டு வைத்திருந்தேன். அதற்கு நேர் கீழே போய் நின்றேன். ஆனி வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. மேளச் சத்தமும் வெக்கையும் சேர்ந்து தலைக்குள் ஒரு மயக்கமாக இருந்தது. சாமி வந்ததும் எல்லா மாடியிலிருந்தும் பழம் பறக்க ஆரம்பித்தது. வானத்தில் மஞ்சள் மஞ்சளாக ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு எங்கள் மேல் இறங்கியது. மாடியில் காமாட்சி, பக்கத்தில் கனி. காய்ச்சல் இறங்கி, முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கூடையில் கை விட்டு விட்டு இறைத்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இளம்பெண் என்று சொல்ல முடியாது. முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். வந்த பழமெல்லாம் அவளைத் தாண்டிப் போயிற்று, பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பிடித்துக்கொண்டார்கள். காமாட்சியின் கூடையில் கடைசிப் பழம். அவள் இந்தப் பெண்ணைப் பார்த்துக் குறிவைத்துத்தான் போட்டாள். அப்படியும் அது இந்தப் பெண்ணின் விரலில் பட்டு நழுவி, கீழே விழுந்து, காலடியில் உருண்டது. அவள் குனிந்து எடுத்தாள். மண் ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் தோல் பிய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னலாமா கூடாதா என்று தெரியாமல், கண் நிறைந்து மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

மேளச் சத்தத்தில் மேலிருந்து என்ன கத்தினாலும் கேட்காது. காமாட்சி கத்தவில்லை. காலி கூடையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற மகளை, அவ்வளவு பெரிய பெண்ணை, இரண்டு கையாலும் அள்ளிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள்.